போதும்பொண்ணுவின் பூனை

நம்புகிறவர்கள் உட்கார்ந்து கேளுங்கள், நம்பாதவர்கள் நின்றுகொண்டே கேளுங்கள், கால் வலித்தால் நீங்களும் உட்கார்ந்துவிடப் போகிறீர்கள். திண்டுக்கல்லுக்கு வடக்கே, கருவேலங்காட்டைத் தாண்டி, கல்குவாரிகளைத் தாண்டி, கைகாட்டினாலும் பஸ் நிற்காமல் போகிற ஓரிடத்தில் ஒரு நூற்பாலை இருந்தது. அதன் பின்னால் பத்தடி மதில், மதிலின் தலை முழுக்க உடைந்த கண்ணாடிச் சில்லு, மதிலுக்குள்ளே பெண்கள் விடுதி, விடுதிக்குள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களில் ஒருத்திக்குக்கூட அங்கே பேர் கிடையாது. வேலைக்குச் சேர்கிற அன்றைக்கே கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, அட்டையில் ஓர் எண்ணை எழுதி, இனிமேல் இதுதான் நீ என்று சொல்லிவிடுவார்கள். சாப்பாட்டு வரிசையிலும் எண், வைத்தியரிடம் போனாலும் எண், ஊரிலிருந்து போன் வந்தாலும் எண். ஆலையின் முதல் சட்டம் ஒன்று உண்டு: மைக்கில் கூப்பிட்டால் கையிலிருக்கும் வேலையைப் போட்டது போட்டபடி ஆபீஸ் முற்றத்துக்கு வந்து நிற்க வேண்டும், நூல் அறுகிறதா, மெஷின் ஓடுகிறதா என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்தச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள், கதையில் இதற்கு வேலை இருக்கிறது.

எண் கொடுத்த அன்று எல்லாப் பெண்களும் ராத்திரிச் சோற்றைத் தொடாமல் அழுவார்கள். இருநூற்றாறாம் எண் மட்டும் அழவில்லை. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, ஏனென்றால் அவளுடைய பேர் போதும்பொண்ணு.

தேனிப் பக்கத்தில் பிறந்தவள். அந்தப் பக்கத்தில் வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், இத்தோடு நிறுத்திக்கொள் என்று சாமிக்குத் தெரிவிப்பதற்காகக் கடைசிப் பிள்ளைக்கு இப்படியொரு பேர் வைக்கிற வழக்கம் உண்டு. அவள் நாலாவது. அப்பா பொன்னையா தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, குழந்தையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பேரைச் சொல்லிவிட்டுப் போனார். சாமிக்குக் காது மந்தமோ என்னவோ, அவளுக்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பேர் பலிக்கவில்லை என்ற கோபத்தை அப்பா சாமியிடம் காட்ட முடியாமல் பேருக்கு உரியவளிடம் காட்டினார். அதற்கப்புறம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, 'ஏய்' என்பார், 'இந்தா' என்பார், சில நாள் அதுகூட இல்லாமல் கையைத் தட்டுவார். ஆறாவது குழந்தைக்குப் பேர் வைக்க அவர் வரவேயில்லை. ஒன்பது வயதுப் போதும்பொண்ணுதான் தொட்டிலுக்குள் தலையை நீட்டி, வெகுநேரம் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்து, பூமயில் என்று மூன்று தரம் காதில் சொன்னாள். அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. பொருத்தமான பேர் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றொன்று உண்டு. கேட் பூட்டியிருக்கும், டிவி ரிப்பேராக இருக்கும், துவைத்த துணி காய்ந்து முடிந்திருக்கும், பேசுவதற்கு இருந்ததெல்லாம் சனிக்கிழமையே பேசித் தீர்ந்திருக்கும். அப்படியொரு மத்தியானத்தில்தான் தொண்டிக் கடற்கரைக்காரி ஜெசிந்தா மேரி, தாயக்கட்டை இரண்டையும் தரையில் உருட்டிவிட்டு, புது விளையாட்டு ஒன்று சொல்லித் தந்தாள்.

"எங்கண்ணன் மெட்ராஸ்ல காலேஜ்ல படிக்கையில இதத்தான் விடிய விடிய விளையாடுவான். ஒருத்தி கதை சொல்லணும். மத்தவங்க கதைக்குள்ள போயி ஆளாயிரணும். நீ என்ன செய்யப் போறேன்னு நீதான் சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு தாயம் சொல்லும்."

"கதை எங்கடி நடக்குது?" என்று கேட்டாள் போடிக்காரி காளீஸ்வரி.

"மதிலுக்கு அந்தப் பக்கம். கண்ணாடிமுடி நாடு. அங்க மலை இருக்கு, பாலாறு இருக்கு, ஏழு மாடி மீன் கிட்டங்கி இருக்கு, அதைக் காவல் காக்கிற இரும்பு நாய் இருக்கு."

"அப்ப நாங்க யாரு? ராசகுமாரியா?"

"ராசகுமாரியா இருந்தா அந்த மதிலை எப்பிடித் தாண்டுவ? பூனைங்க. எல்லாரும் பூனைங்க. ஆளுக்கொரு பேரு வைங்க மொதல்ல."

ஆளுக்கொரு பேர் வந்தது. ஒருத்தி ஏஞ்சல் என்றாள், ஒருத்தி ரோஸி என்றாள், ஒருத்தி ஜிம்மி என்றாள், ஜிம்மி நாய்ப்பேருடி என்று எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல் ஓரத்தில் தலை உலர்த்திக்கொண்டிருந்த போதும்பொண்ணுவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பூனைக்குப் பேரு வைக்கிறதுன்னா சும்மாவா? வாய் நெறயச் சோத்தோட இருந்தாலும் கூப்பிட வரணும். கோவம் வந்தா அதே பேரை வச்சுத் திட்டவும் வரணும். அது எதுக்குப் பயப்படும், எங்க தூங்கும், எதைத் திருடும், இந்த மூணும் தெரியாம வாய்க்கு வந்ததை வைக்காதீங்கப்பா."

"நீயே வையி பாப்போம்" என்றாள் காளீஸ்வரி. "எம்பூனை கள்ளி. எதுக்கும் பயப்படாது. ஒசரத்துல இருக்கிறதுதான் அதுக்கு வேணும். இடது பக்கத்து மீசை பாதி கெடையாது, அடுப்புல பொசுங்கிப்போச்சு."

போதும்பொண்ணு தலைமுடியை உதறிக்கொண்டே, "உறியெட்டி" என்றாள்.

காளீஸ்வரி கட்டையை உருட்டினாள். கட்டை உருண்டு நிற்பதற்குள், பூட்டிய கதவுக்குக் கீழே இருந்த நாலுவிரல் சந்தில் ஒரு தலை வந்தது, பின்னால் உடம்பு வந்தது, கடைசியாக வால் வந்தது. கறுப்புப் பூனை, இடது மீசை பாதி பொசுங்கியிருந்தது. அது நேராக நடந்துவந்து காளீஸ்வரியின் மடியில் ஏறி உட்கார்ந்து, அலமாரிக்கு மேல் இருந்த ஊறுகாய் ஜாடியை அண்ணாந்து பார்த்தது.

"இம்புட்டு நேரமா?" என்று கேட்டாள் காளீஸ்வரி. அவ்வளவுதான், யாரும் கத்தவில்லை, யாரும் எழுந்து ஓடவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன் பூனைக்கு எது பயம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்குப் பதினோரு பூனைகள் வந்தன. ஜெசிந்தாவுக்கு, கண்ணாடிச் சில்லின் மேல் கோலமாவில் நடப்பதுபோல் நடந்துவந்த வெள்ளைப் பூனை மதிலாண்டாள். காயம்பட்டவர்களை நக்கியே குணப்படுத்துகிற வைத்தியப் பூனை நக்கிநாச்சி. இரும்பு நாயோடு சண்டை போடுவதற்கென்றே பிறந்த கடுவன் பூனை கிழிகாதன். ஏஞ்சல் என்றுதான் வைப்பேன் என்று ஒருத்தி மூன்று ஞாயிறு பிடிவாதம் பிடித்தாள், மூன்று ஞாயிறும் கதவைப் பார்த்து உட்கார்ந்ததுதான் மிச்சம். நாலாவது வாரம் போதும்பொண்ணு அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, அந்தப் பூனை அணைந்த அடுப்பில்தான் தூங்கும் என்பதைக் கறந்துவிட்டு, சாம்பநாச்சியார் என்று பேர் சொன்னாள், சொன்ன வாய் மூடுவதற்குள் சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல் கேட்டது.

இப்படி ஞாயிறு ஞாயிறாக, அறை அறையாக, மாடி மாடியாகப் பூனைகள் வந்தன. விடுதி அவற்றை எப்படி வாங்கிக்கொண்டது என்று கேட்கிறீர்கள். புதுச் சேர்க்கைப் பெண்களை எப்படி வாங்கிக்கொள்ளுமோ அப்படித்தான், கொஞ்சம் தள்ளிப் படுத்து இடம் கொடுத்தது. சமையல்காரர் மோரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தார். பஞ்சுக் கிடங்கில் எலி ஒழிந்தது. ஷிப்டு முடிந்து வருகிற பெண்களோடு பூனைகளும் பஞ்சுத் தூசி படிந்து வெள்ளையாக வந்தன, சாயங்காலமானால் எது எவளுடையது என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ராத்திரியெல்லாம் மதில் தாண்டிப் போய்வந்த அவற்றின் ரோமத்தில், அதது சேர்ந்தவளின் ஊர் வாசனை இருந்தது. மதிலாண்டாளை முகர்ந்தால் கருவாடும் உப்புக்காற்றும், உறியெட்டியை முகர்ந்தால் போடி மலையின் ஏலக்காய். இரண்டு வருஷமாக ஊருக்குப் போகாத பெண்கள் பூனையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். வார்டன் முதல் வாரம் துடைப்பத்தோடு வந்தாள், இரண்டாம் வாரம் வெறுங்கையோடு வந்தாள், மூன்றாம் வாரம் கதவைச் சாத்திவிட்டு, யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு சொல்லேன், அது எப்பவும் என் பின்னாடியே வரணும், சத்தம் போடக் கூடாது" என்று கெஞ்சினாள். சாவிக்கொத்தை முடிந்து வைத்திருக்கிற அவளுடைய சேலைத் தலைப்பைப் பார்த்துவிட்டு, போதும்பொண்ணு அந்தப் பூனைக்கு முந்தானை என்று பேர் வைத்தாள்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினாள். விளையாட்டின் வழக்கப்படி ஒவ்வொருத்தியும் 'நான் இன்னாள், என் பூனை இன்னது' என்று முழுப்பேரும் சொல்லித்தான் கதைக்குள் நுழைய வேண்டும். அதனால் இடது பக்கம் பெண்ணின் பேர், வலது பக்கம் பூனையின் பேர். பக்கத்துக் கட்டிலில் ஒரு வருஷம் படுத்திருந்தவளின் பேர் பஞ்சவர்ணம் என்று சிலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த நோட்டில் இல்லாத ஒரே பேர் போதும்பொண்ணு, ஏனென்றால் அவளுக்குப் பூனை வரவில்லை.

அவள் முயலாமல் இல்லை. ஜெசிந்தாவின் கதையில் அவளுடைய பூனை எல்லோருக்கும் பின்னால் நடந்தது, கோணிச்சாக்கு நிறம், எதற்கும் அவசரப்படாது, ஆனால் கண்ணாடிமுடி நாட்டில் யாருக்கும் அதை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கார்குழலி என்று வைத்துப் பார்த்தாள். செம்பவளம் என்று வைத்தாள். மீன்கொடியாள், பட்டத்தரசி, விண்மணி என்று நாற்பது பேர் வைத்தாள், எல்லாம் நல்ல பேர், வாயில் வைத்தாலே இனிக்கிற பேர். கதவுச் சந்து வெறுமனே கிடந்தது. ஊரில் இருக்கிற பூனைக்கெல்லாம் பேர் வைத்தவளுக்கு ஒரு பூனை இல்லை என்றால் வயிறு எரியாதா, எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மடியில் பூனையோடு சிரிக்கும்போது, காய்ந்த துணியை மறுபடி மடிப்பதுபோல் முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

பிரச்சினை பூனையால் வந்ததென்று மானேஜர் சொன்னார், உண்மையில் அது பேரால் வந்தது. ஒருநாள் அவர் மெஷின் வரிசைக்குள் நின்று, "நூத்திப்பதினேழு!" என்று கூப்பிட்டார். நூற்றுப்பதினேழு திரும்பவில்லை. மூன்று தரம் கூப்பிட்ட பிறகு, அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே காளீஸ்வரி சொன்னாள்: "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சார். பூனையே பேரு சொன்னாத்தான் வருது."

அன்றிலிருந்து அது பரவியது. எண்ணைச் சொன்னால் யாருக்கும் காது கேட்கவில்லை. மானேஜர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், கணக்காகப் பேசுகிறவர், வியாதி எங்கேயிருந்து வருகிறதோ அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்து, பூனை பிடிக்க ஆள் வைத்தார். கருவாடு வைத்தார்கள், பூனைகள் மோந்தும் பார்க்கவில்லை. வலை போட்டார்கள், வலையின் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டு, ஆள் நெருங்குவதற்குள் எழுந்து போயின. பேர் சொன்னாலொழிய அவை யாரிடமும் வராது. அந்தப் பேரெல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது, அந்த நோட்டு ஒருத்தியிடம் இருக்கிறது என்று சூப்பர்வைசர் ஒருவர் மானேஜர் காதில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மைக் பேசியது: "இருநூத்தியாறு, ஆபீஸுக்கு."

எண்ணுக்கு இன்னும் காது கேட்கிறவள் அவள் ஒருத்திதான், போதும்பொண்ணு இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் நோட்டோடு போய் நின்றாள். முற்றத்தில் இரண்டு ஆட்கள் சாக்குக் கட்டோடு குந்தியிருந்தார்கள். மானேஜர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார், அன்பாகத்தான் பேசினார்.

"ஏம்புள்ள, தங்கச்சிக்குச் சடங்குன்னு லீவு கேட்டிருந்தியாமா?"

"ஆமா சார். வெள்ளிக்கெழம. இல்லைன்னுட்டாங்க."

"நானு தர்றேன். நாலு நாளு. நீ இந்த மைக்குல அந்த நோட்டுல இருக்கற பேரையெல்லாம் படிச்சுக் கூப்பிடோணும், அவ்வளவுதான். வர வர இவங்க சாக்குல போட்டுக்குவாங்க."

"கொண்டுபோயி என்ன செய்வீங்க?"

"குவாரிக் குழி நெறையத் தண்ணி கெடக்குது. உனக்கென்ன அதைப்பத்தி? உனக்கொரு பூனையும் இல்லையாமா. உனக்கேது நட்டம்?"

அவருக்கு யார் சொன்னார்களோ, சரியான இடத்தில் கையை வைத்துவிட்டார். போதும்பொண்ணு நல்லவள்தான், ஆனால் மனுஷிதானே. பூமயில் நினைவு வந்தது. மஞ்சள் பூசி, ஓலைக் குச்சுக்குள் உட்கார்ந்து, அக்கா வருவாளா வருவாளா என்று வாசலைப் பார்க்கிற பூமயில். அந்தப் பிள்ளைக்குப் பேர் வைத்தவள் நான், நான் இல்லாமல் யார் தண்ணீர் ஊற்றுவது என்று தோன்றியது. கூடவே இன்னொரு நினைவும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்: நாற்பது பேர் வைத்தேனே, எனக்கென்று ஒன்று வந்ததா, போகட்டுமே எல்லாம். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அப்படி நினைத்தாள். பிறகு நோட்டைப் பிரித்தாள்.

வலது பக்கத்தில் உறியெட்டி, மதிலாண்டாள், நக்கிநாச்சி, கிழிகாதன், சாம்பநாச்சியார். ஒவ்வொன்றும் பயப்படுவது எதற்கு, தூங்குவது எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவள் கூப்பிட்டால் கூப்பிட்ட மாத்திரத்தில் வந்து நிற்கும், வைத்தவள் கூப்பிடுகிறாள் என்று நம்பி வரும். அவளுடைய விரல் வலது பக்கத்திலிருந்து மெல்ல இடது பக்கத்துக்கு வந்தது.

"சார், மைக்குல கூப்பிட்டா போட்டது போட்டபடி வரணும். அதானே சட்டம்?"

"அதானே. கூப்புடு."

போதும்பொண்ணு மைக்கை வாயருகே வைத்து, "காளீஸ்வரி" என்றாள்.

"கேட்டீங்களா?" என்று மானேஜர் சாக்குக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். "பூனைக்கு வெச்சிருக்கற பேரப் பாரு, காளீஸ்வரியாம்!"

"ஜெசிந்தா மேரி. பஞ்சவர்ணம். முத்துராக்கு. வெள்ளைத்தாய். சமீனா பேகம். இருளாயி. சித்திரைக்கனி. ஆரோக்கியச்செல்வி. பேச்சியம்மாள்."

மெஷின் கூடத்தில் காளீஸ்வரி தலையைத் தூக்கினாள். ஆலைக்குள் கால் வைத்த நாள் முதல் அந்த மைக் அவள் பேரைச் சொன்னதில்லை. கையிலிருந்த நூலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்தாள். எங்கே போகிறாய் என்று சூப்பர்வைசர் கத்தினார். மைக்கில் கூப்பிடுகிறார்கள் சார், சட்டம் என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஜெசிந்தா நடந்தாள், பஞ்சவர்ணம் நடந்தாள், முத்துராக்கு மூக்கிலிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே நடந்தாள். ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விடுதியிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள், காய்ச்சல்காரிகள் போர்வையோடு வந்தார்கள், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தட்டோடு வந்தார்கள். போதும்பொண்ணு நிறுத்தவில்லை, பக்கம் புரட்டிப் புரட்டிக் கூப்பிட்டாள், கருப்பாயி என்றாள், மலர்க்கொடி என்றாள், சந்தனமாரி என்றாள், அன்னக்கிளி என்றாள், ஒவ்வொரு பேரையும் தொட்டிலுக்குள் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு மெஷினில் ஆள் இல்லாமல் போனது, நூல் அறுந்தது, நூற்கிற கதிர் வெறுமனே சுற்றியது, யாரோ சுவிட்சை அணைத்தார்கள். பதினெட்டு வருஷமாக ஓய்ந்ததே இல்லாத அந்த ஆலைச் சத்தம் வரிசை வரிசையாகத் தணிந்து, கடைசியில் மைக் மட்டும் கேட்டது.

மானேஜருக்கு வெகுநேரம் ஒன்றும் புரியவில்லை, அதுதான் இதில் வேடிக்கை. பெண்கள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தார். இரண்டு வருஷம், மூன்று வருஷம் தன் கண் முன்னால் வேலை பார்த்தவர்களின் பேர் ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் வருகிறது, அதில் ஒன்றுகூட அவருக்கு யாருடைய பேர் என்று தெரியவில்லை. பூனை எங்கே, பூனை எங்கே என்று காம்பவுண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் போதும்பொண்ணு, "சொர்ணம்" என்றாள். வார்டன் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு அது தன் பேர் என்று ஞாபகம் வந்து, சேலைத் தலைப்பில் சாவி குலுங்க முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

"ஏம்புள்ள, பூனையைக் கூப்பிடச் சொன்னா ஆலையே இங்க வந்து நிக்குது?"

"நோட்டுல இருக்கிற பேரைத்தானே கூப்பிடச் சொன்னீங்க. கூப்பிட்டுட்டேன். பூனை பேரு வேறங்க சார். அதைச் சொல்ல மாட்டேன். லீவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சொல்ல மாட்டேன்."

மானேஜர் முகம் செங்கல்லாகிவிட்டது. அத்தனை பேரையும் இந்த நிமிஷமே வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று கத்தினார். யாரை, பேரைச் சொல்லுங்கள் என்று காளீஸ்வரி கேட்டாள். நூத்திப்பதினேழு என்றார். யாரும் அசையவில்லை. அம்பத்திமூணு என்றார், இருநூத்திநாப்பது என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒரு முகத்துக்கும் அவரிடம் பேர் இல்லை. பேர் தெரியாதவளை எப்படி நிறுத்துவது? சாக்குக்காரர்களில் மூத்தவர் எழுந்து, "நாங்க வர்றோமுங்க, இது எங்க வேலையில்ல" என்று காலிச் சாக்குக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ஜெசிந்தா நோட்டை வாங்கிப் புரட்டினாள், முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால்.

"உம்பேரு எங்கடி?"

"எழுதலை. பூனை வந்தாத்தானே எழுதணும்."

"பூனை கெடக்கட்டும். உன்னைய யாரு கூப்பிடுறது?"

"அது ஒரு பேருன்னு அதைப் போயி மைக்குல..." என்று போதும்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். ஜெசிந்தா மைக்கைப் பிடுங்கினாள். கடற்கரைக்காரி, தோணியில் இருப்பவனைக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல்.

"போதும்பொண்ணூ!"

காளீஸ்வரி கூப்பிட்டாள். பஞ்சவர்ணம் கூப்பிட்டாள். வார்டன் சொர்ணம் கூப்பிட்டாள். பிறகு முற்றமே கூப்பிட்டது, மூன்று தரம், ஏழு தரம், எத்தனை தரம் என்று தெரியவில்லை. இதற்குமேல் பெண்ணே வேண்டாம் என்று வைத்த பேரை, இத்தனை பெண்கள் சேர்ந்து நின்று, வா வா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அழுகையோடு ஒரு வீம்பும் வந்தது, இது என் பேர்தான், என்ன இப்போ என்று நிமிர்ந்து நின்றாள்.

இரும்பு கேட்டுக்கு வெளியே ஒரு பூனை நின்றது. கோணிச்சாக்கு நிறம். எவ்வளவோ தூரத்திலிருந்து நடந்துவந்த பூனைபோல் காலெல்லாம் செம்மண். அது கம்பிக்கு இடையில் நுழைந்து வரவில்லை, கதவைத் திறந்தால்தான் வருவேன் என்பதுபோல் நடுவாசலில் உட்கார்ந்து பார்த்தது. சொர்ணம் யாரையும் கேட்கவில்லை, போய்ப் பெரிய பூட்டைத் திறந்தாள். பூனை உள்ளே வரவில்லை. போதும்பொண்ணு வெளியே போய் அதைத் தூக்கினாள், தூக்கியவள் திரும்பி வராமல் அப்படியே பஸ் போகிற ரோட்டுக்கு நடந்தாள். மதில் முழுக்கப் பூனைகள் ஏறி நின்று அவளை வழியனுப்பின. அன்றைக்கு அங்கே பஸ் நின்றது.

ஆலையில் இப்போது மைக்கில் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், ஷிப்டு தொடங்கப் பதினோரு நிமிஷம் தாமதமாகிறது என்று கேள்வி. மானேஜர் இன்னும் பேர்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். அது அவர் பாடு, நாம் வெள்ளிக்கிழமைக்குப் போவோம்.

வெள்ளிக்கிழமை பந்தல் நிறையச் சனம். போதும்பொண்ணு தங்கைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தாள், தாய்மாமன் சீர்த்தட்டு தெருமுனையிலிருந்து மேளத்தோடு வந்தது. பந்தல் வாசலுக்குக் குறுக்கே, நட்டநடுவில், கோணிச்சாக்கு நிறப் பூனை படுத்திருந்தது. பூனை குறுக்கே கிடந்தால் சீர் எப்படி உள்ளே வரும், நல்ல நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது. கையைத் தட்டினார்கள், கம்பை ஓங்கினார்கள், பாலை வைத்தார்கள். பூனை கண்ணைத் திறக்கவில்லை.

"யாரு கொண்டாந்த பூனை இது? பேரு என்ன?" என்றார் பொன்னையா.

"போதும்பொண்ணு" என்றாள் மகள்.

பந்தலில் சிரித்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள். தாய்மாமன் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், பெரியக்கா கூப்பிட்டாள், அம்மாவும் கூப்பிட்டாள், பூனை அசையவில்லை. பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பொன்னையாவைப் பார்த்தது. சனமும் அவரைப் பார்த்தது.

அவர் முதலில் "ஏய்" என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டது. "இந்தா" என்றார். காதைக்கூட ஆட்டவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கூரையைப் பார்த்துச் சொன்ன பேரை, இப்போது தரையைப் பார்த்து முணுமுணுத்தார். யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார்.

"போதும்பொண்ணு... வாம்மா" என்றார்.

பூனை தலையைத் தூக்கித் திரும்பியது. பந்தக்கால் பக்கத்தில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு நின்றவளும் திரும்பினாள். இரண்டு பேரும் உடனே வந்துவிடவில்லை. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று நின்ற இடத்திலேயே நின்றார்கள்.